தொழில் உறவு எப்படிப் பணமாகிறது? நிறுவனத் தலைவர்களுக்கான பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட்டிலோ சிறு தொழிற்சாலை நடத்தும் ஒருவரிடம் தொழிலுக்கு எது முக்கியம் என்று கேட்டுப் பாருங்கள். "காண்டாக்ட்தான் சார் எல்லாம்" என்று ஒருவர் சொல்வார். "சரக்கு நல்லா இருந்தா ஆர்டர் தானா வரும்" என்று அடுத்தவர் சொல்வார். முதலாமவர் மனதில் இருப்பது பெரும்பாலும் அதிகாரிகளையும் பெரிய மனிதர்களையும் தெரிந்து வைத்திருப்பது. இரண்டாமவருக்கு உறவு என்றாலே காக்கா பிடிப்பது. இருவருமே ஒரு நல்ல விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்.

மேலாண்மைக் கல்லூரிகள் இந்த விஷயத்தில் நிறுவனத் தலைவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்துகின்றன. "உறவுகளின் மூலம் நிறுவன மதிப்பை உயர்த்துவது" என்ற மாதிரி தலைப்பு இருக்கும். கட்டணமும் சிறு நிறுவனத்துக்குக் கனமானதாகவே இருக்கும். போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு, கை குலுக்குவது எப்படி, விசிட்டிங் கார்டு கொடுப்பது எப்படி என்று சொல்லித் தருவார்கள் போல என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. ஒரு நாள் ஹோட்டல் கூட்டங்கள் சில அப்படித்தான் நடக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பாடத்துக்குப் பின்னால் பொருளாதாரமும் சமூகவியலும் பல பத்தாண்டுகள் உழைத்துக் கண்ட விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், எந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

## மொய் நோட்டிலிருந்து தொடங்குவோம்

கல்யாண மண்டபத்து வாசலில் மொய் எழுதுகிறார்கள். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். விசேஷம் முடிந்ததும் நோட்டு பீரோவுக்குள் போய்விடும். நான்கு வருடம் கழித்து அதே குடும்பத்திலிருந்து பத்திரிகை வரும்போது நோட்டை எடுத்து, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, கொஞ்சம் கூட்டிச் செய்வோம். இதில் ஒப்பந்தப் பத்திரம் இல்லை. திருப்பிச் செய்யாவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் தவறாமல் செய்கிறார்கள். இந்த இரண்டு குடும்பமும் இன்னும் பல விசேஷங்களில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளப் போகிறது என்பதே அதற்குக் காரணம்.

மறுபடி சந்திப்போம் என்ற அந்த எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பலம் என்று ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980 வாக்கில் சோதித்துப் பார்த்தார். இரண்டு பேர் விளையாடும் ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏமாற்றலாம். ஒரே ஒரு சுற்று என்றால் ஏமாற்றுகிறவருக்கு லாபம். ஆனால் அதே இரண்டு பேர் திரும்பத் திரும்ப ஆடினால்? பல அறிஞர்கள் அனுப்பிய கணினி நிரல்களை அவர் மோதவிட்டார். வென்றது அனடோல் ரபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் சுற்றில் ஒத்துழைக்கும். அப்புறம் எதிராளி போன சுற்றில் என்ன செய்தாரோ அதையே திருப்பிச் செய்யும். ஏமாற்றினால் உடனே பதிலடி, திருந்தினால் உடனே மன்னிப்பு. தந்திரமான நிரல்கள் அதற்குப் பின்னால்தான் நின்றன.

மொய்க்கும் தொழிலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மொய்யில் கொடுத்த தொகை ஏறக்குறைய அதே வடிவில் திரும்பி வருகிறது. தொழில் உறவின் பலன் பெரும்பாலும் நாம் செய்ய வேண்டியிருந்து, செய்யாமல் விட்ட செலவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால்தான் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

## செலவாகாமல் போன பணம்

1937 இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் ஓர் எளிய கேள்வி கேட்டார். சந்தையில் எல்லாமே கிடைக்கும் என்றால், ஒருவர் எதற்காக நிறுவனம் ஆரம்பித்து ஆட்களை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்? தினமும் தேவையானதைத் தினமும் வாங்கிக்கொள்ளலாமே? சந்தையில் வாங்குவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்பது அவருடைய பதில். சரியான ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், வந்த சரக்கைச் சரிபார்க்க வேண்டும், சொன்னபடி செய்யாவிட்டால் துரத்த வேண்டும். பொருளின் விலைக்கு மேல் வரும் இந்தச் செலவுகளுக்குப் பரிவர்த்தனைச் செலவு என்று பெயர். கோஸுக்கு 1991 இலும், இந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்த ஆலிவர் வில்லியம்சனுக்கு 2009 இலும் நோபல் பரிசு கிடைத்தது.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலில் இதை நன்றாகப் பார்க்கலாம். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வருகிறது. மூட்டையைப் பார்த்து உள்ளே பருப்பு எப்படி என்று சொல்ல முடியாது. மாதிரி எடுத்து, கொட்டையை வெட்டி, நல்லது, சொத்தை, பிஞ்சு என்று பிரித்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். இதை அவுட்டர்ன் என்கிறார்கள். இரண்டு பவுண்டு குறைந்தாலே லாபம் அடிபடும்.

எண்களை எளிமைக்காக நானே வைக்கிறேன். புதிய வியாபாரியிடம் ஒரு லோடு வாங்கினால் அதிக மூட்டைகளைப் பிரித்துச் சோதிக்க 6,000 ரூபாய், ஒப்பந்தம் எழுதிச் சரிபார்க்க 5,000, அவர் கைவிட்டால் தொழிற்சாலை நிற்காமல் இருக்க வைக்கும் கூடுதல் இருப்புக்கு வட்டி 9,000. மொத்தம் 20,000. பல வருடம் சொன்ன அவுட்டர்னைத் தவறாமல் கொடுத்த வியாபாரி என்றால் சில மூட்டைகளை மட்டும் பார்த்தால் போதும். ஒப்பந்தம் ஏற்கனவே இருக்கிறது. கூடுதல் இருப்பும் வேண்டாம். மொத்தம் 4,000. ஒரு லோடுக்கு 16,000 மிச்சம், வருடத்துக்குப் பத்து லோடு என்றால் 1,60,000. புதியவர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துச் சொன்னதும் தாவுகிறவர்கள் இந்த ஒன்றரை லட்சத்தைக் கணக்கில் வைத்தார்களா என்று கேட்க வேண்டும். வைத்தும் புதியவர் மலிவு என்றால் தாராளமாகத் தாவலாம்.

அப்படியானால் ஒப்பந்தமே வேண்டாமா? வேண்டும். ஆனால் தினசரித் தொழில் ஒப்பந்தத்தை மட்டும் வைத்து ஓடுவதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில நிறுவனங்களை ஆராய்ந்த சட்ட அறிஞர் ஸ்டூவர்ட் மெக்காலே 1963 இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. தகராறு வந்தால் தொழில்காரர்கள் ஒப்பந்தத்தின் ஷரத்தைத் தேடுவதைவிட, போனை எடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்வதே வழக்கமாக இருந்தது. வழக்கு என்று போனால் உறவு முடிந்துவிடும் என்று இரு தரப்புக்கும் தெரியும்.

இதுவரை பார்த்தது: நம்பிக்கை என்பது மனநிலை மட்டும் அல்ல, அது தேடும் செலவையும் சரிபார்க்கும் செலவையும் துரத்தும் செலவையும் குறைக்கிறது. அந்தக் குறைவை ரூபாயில் எழுத முடியும்.

## எட்டாயிரத்துக்காக எதை விடுகிறோம்?

சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு வாடிக்கையாளர் மாதம் 2 லட்ச ரூபாய்க்கு வாங்குகிறார். மூலப்பொருள், கூலி எல்லாம் போக 20,000 நிற்கிறது. ஒரு தடவை 8,000 ரூபாய்ச் சரக்கை ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். லாரியில் நனைந்ததா, அவர்கள் குடோனில் நனைந்ததா என்று நிரூபிக்க வழியில்லை. "எங்க தப்பு இல்ல, ஏத்துக்க முடியாது" என்று சொல்லலாம். நியாயமும் நம் பக்கம் இருக்கலாம்.

இந்த வாடிக்கையாளர் இன்னும் ஐந்து வருடம் வாங்கினால் நிற்கும் தொகை 12 லட்சம். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு. வருடத்துக்கு 12 சதவீதம் என்று கழித்தாலும் ஒன்பது லட்சம் அளவில் தேறும். அவர் தொடர்வதற்குப் பாதி வாய்ப்புதான் என்று வைத்தாலும் நாலரை லட்சம். இதற்கு வாடிக்கையாளரின் வாழ்நாள் மதிப்பு என்று பெயர். அதாவது, ஒரு வாடிக்கையாளர் நம்மோடு இருக்கும் காலம் முழுவதும் தரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு.

கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மாதம் 2,000 ரூபாய் லாபம் தரும் ஒருவர் மாதாமாதம் 3,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பினால் அவரை மரியாதையாக விட்டுவிடச் சொல்வதும் இதே கணக்குத்தான்.

## தூரத்துத் தெரிந்தவரின் பலம்

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பலரும் தலைகீழாக நினைப்பதும் இதைத்தான்.

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் எப்படி வேலை கிடைத்தது என்று கேட்டார். 1973 இல் முடிவை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திக்கிறவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம். அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகவே செய்தி அதிகம் வந்திருக்கிறது. இந்த லேசான பழக்கத்தை மெல்லிய பிணைப்பு என்று சொல்லலாம்.

ஏன் அப்படி? நாம் தினமும் பேசும் ஆட்களும் நாமும் ஒரே டீக்கடையில் நின்று ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்காரர்கள் தங்களுக்குள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி புதிய சப்ளையரைத் தேடுகிறது என்ற செய்தி அந்த வட்டத்துக்குள் பிறக்காது. வட்டத்துக்கு வெளியே இருக்கும், வருடத்துக்கு இரண்டு தடவை பேசும் ஒருவர் சொல்லித்தான் அது வரும்.

2022 இல் சயின்ஸ் இதழில் லிங்க்ட்இன் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனாளர்களை வைத்து இதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு வந்தது. மெல்லிய பிணைப்பு வேலை மாற்றத்துக்கு உதவுகிறது என்று அதுவும் காட்டியது. ஆனால் மிக மிக மெல்லிய தொடர்பால் பெரிய பலன் இல்லை, ஓரளவு மெல்லியதாக இருப்பதே அதிகம் உதவியது. ஒரு நிகழ்ச்சியில் நூறு விசிட்டிங் கார்டு வாங்கி வந்து டிராயரில் போட்டால் எதுவும் நடக்காததற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

சரி, இரண்டு வட்டங்களுக்கு நடுவில் தொடர்பே இல்லை, நீங்கள் மட்டும் இரண்டிலும் இருக்கிறீர்கள் என்றால்? ரொனால்ட் பர்ட் என்ற சமூகவியலாளர் 1992 இல் இந்த நிலையைக் கட்டமைப்பு இடைவெளி என்று விளக்கினார். தொடர்பில்லாத இரு குழுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அதன் மேல் பாலமாக நிற்பவருக்கு இரண்டு பக்கத்துச் செய்தியும் முதலில் வரும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை அமெரிக்க உதாரணத்தால் விளக்க வேண்டியதில்லை. ரங்கப்பிள்ளை தெருவே போதும். ஆனந்தரங்கப் பிள்ளை 1747 இல் பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருப்பவர், ஆனார். கப்பலோடு வந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணி வேண்டும். எந்த வணிகரிடம் முன்பணம் கொடுத்தால் சரக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளூர் வணிகர்களுக்கோ ஆளுநர் மாளிகையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவில் நின்றவர் துபாஷ். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பைப் பார்த்தால் கப்பல் வரவு, சரக்கு, கடன், யார் யாரோடு மனக்கசப்பில் இருக்கிறார் என்பது வரை பதிவாகியிருக்கிறது. அந்தச் செய்திகளை இரு தரப்பும் நம்பியதுதான் அவருடைய முதலீடு.

பாலமாக நிற்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. ஒரு பக்கத்தை மறுபக்கத்திடமிருந்து மறைத்தே பிழைக்கலாம் என்று நினைத்தால், இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசத் தொடங்கும் நாளில் அவருக்கு வேலை இல்லை. இன்று ஒரு போன் அழைப்பில் அது நடந்துவிடும்.

சுருக்கமாக: நெருங்கிய உறவு செலவைக் குறைக்கிறது, மெல்லிய உறவு புதிய செய்தியைக் கொண்டுவருகிறது. ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது.

## தீப்பிடித்த தொழிற்சாலை

1997 பிப்ரவரி 1 ஆம் தேதி ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் கரியா தொழிற்சாலை எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சிறிய வால்வு கிட்டத்தட்ட முழுக்க அங்கேதான் தயாரானது. குறைந்த கையிருப்பை வைத்தே தொழில் நடத்துவது டொயோட்டாவின் வழக்கம். அதனால் சில நாளில் அதன் கார்த் தொழிற்சாலைகள் வரிசையாக நின்றன. மாதக்கணக்கில் நிற்கும் என்று பலர் நினைத்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் உற்பத்தி மீண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து அந்த வால்வைச் செய்துகொடுத்தன. தையல் மெஷின் செய்யும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. விலை என்ன, வரைபடத்துக்கு உரிமை யாருக்கு என்ற பேரம் முதலில் நடக்கவில்லை. வேலை முடிந்த பிறகு, டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் ஒரு சதவீதத்தைக் கூடுதலாகக் கொடுத்தது.

அந்த ஒரு வாரத்துக்கான உறவை அந்த வாரத்தில் வாங்கியிருக்க முடியாது. டொயோட்டா பல வருடமாகத் தன் சப்ளையர்களின் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பி, பிரச்சினையைச் சேர்ந்து தீர்த்து, ஒரே ஆர்டரோடு கைவிடாமல் இருந்ததன் விளைவு அது.

நம் கடற்கரைக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட வாரங்களில் இருக்கும் கொஞ்சம் சரக்கை, ஜெனரேட்டரை, லாரியை யாருக்கு முதலில் அனுப்புவது என்று ஒவ்வொரு சப்ளையரும் தன் மனதிலேயே ஒரு வரிசை போடுவார். அந்த வரிசையில் உங்கள் இடம் புயலுக்கு முந்தைய பல வருடங்களில் முடிவாகிவிட்டது.

## இவ்வளவு மதிப்பு என்றால், கணக்கேட்டில் ஏன் இல்லை?

ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் கட்டடம் இருக்கும், மெஷின் இருக்கும், லாரி இருக்கும். முப்பது வருட வாடிக்கையாளர்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு விதியே காரணம். தொழிலுக்குச் சேர்ந்திருக்கும் நல்ல பெயரின் மதிப்பை, அதாவது நற்பெயரை, நாமே உருவாக்கியிருந்தால் அதைச் சொத்தாக ஏட்டில் காட்டக்கூடாது என்று இந்தியக் கணக்குத் தரநிலைகள் சொல்கின்றன. நம்பகமாக அளக்க முடியாது என்பதால் இந்தக் கட்டுப்பாடு. அதே நிறுவனத்தை இன்னொருவர் விலைக்கு வாங்கினால் நிலைமை மாறுகிறது. கொடுத்த விலையில் ஒரு பகுதியை நற்பெயராகவும், சில சமயம் வாடிக்கையாளர் உறவு என்று தனியாகவும் அவர் தன் ஏட்டில் காட்டுகிறார். உறவு அதேதான், விலைக்கு வாங்கியதால் அது கண்ணுக்குத் தெரிகிறது.

விதி நியாயமானதுதான். ஆனால் ஏட்டில் தெரியாததை வெட்டினால் அதுவும் ஏட்டில் தெரியாது. சப்ளையருக்குப் பணம் கொடுப்பதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் வங்கி இருப்பு உடனே நன்றாகத் தெரியும். அவர் அடுத்த தடவை நமக்குக் கொஞ்சம் மட்டமான சரக்கை அனுப்பினதும், நெருக்கடியில் வேறொருவருக்கு முதலில் கொடுத்ததும் எந்தப் பக்கத்திலும் வராது.

நம் ஊரில் தொழில் உறவுகள் கெடுவதற்குப் பெரும் காரணம் இந்தத் தாமதம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 இன்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கினால் எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்க அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் வட்டி கேட்டு வழக்குப் போட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயந்து பெரும்பாலான சிறு சப்ளையர்கள் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருப்பதை நல்லுறவு என்று எடுத்துக்கொள்ளும் முதலாளிகளுக்குத்தான் இந்த வகுப்பு மிகவும் தேவை.

## உறவு யாருடையது?

அப்பா முப்பது வருடம் கடலூர் முதுநகரில் வியாபாரம் பார்த்தார். யார் பெண்ணுக்குக் கல்யாணம், எந்தப் பார்ட்டிக்கு தை மாதம் கை இறுக்கம், யாரிடம் காலையில் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. மகன் படித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றுகிறார். ஏறியது பாக்கித் தொகைகள் மட்டும். அப்பா ஓய்ந்தபிறகு பழைய பார்ட்டிகள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், மகனுக்குக் காரணம் புரிவதில்லை.

சம்பளத்துக்கு இருக்கும் விற்பனை மேலாளர் விஷயத்திலும் இதேதான். அவர் வேலையை விட்டுப் போகும்போது போனில் இருக்கும் நம்பர்களோடு பாதி வாடிக்கையாளர்களும் போகிறார்கள். அப்போது நிறுவனத்துக்கு உறவு இருந்ததே இல்லை, அந்த மனிதருக்குத்தான் இருந்தது என்று தெரியவரும்.

நிறுவனத்தை விலைக்கு வாங்க வருகிறவர் முதலில் தோண்டிப் பார்ப்பது இதைத்தான். முதலாளி நாளைக்கு இல்லை என்றால் எத்தனை வாடிக்கையாளர்கள் நிற்பார்கள்? விடை மோசமாக இருந்தால் விலை இறங்கும். தனி மனிதரின் உறவை நிறுவனத்தின் உறவாக மாற்ற முடியும், அது பழக்கத்தால் வருவது. முக்கியமான ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நம் பக்கத்தில் குறைந்தது இரண்டு பேர் பழக வேண்டும். வாயால் கொடுத்த வாக்குறுதிகள் ஒரு நோட்டில் ஏற வேண்டும். முதலாளி தான் போகும் சந்திப்புகளுக்கு அடுத்தகட்ட ஆளைக் கூட்டிப் போய், அவரைப் பேசவும் விட வேண்டும். கடைசியாகச் சொன்னது பல முதலாளிகளுக்கு மிகவும் கஷ்டம்.

இதுவரை: உறவின் மதிப்பு ஏட்டில் வராது, அதனால் எளிதில் வீணாகும். அது ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால் நிறுவனத்தின் சொத்தும் ஆகாது.

## உறவு கெடுதலாகும் இடங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பாடம்தான்.

உறவு என்பது லஞ்சம் இல்லை. இதை விளக்கத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் "காண்டாக்ட்" என்ற பேச்சில் இரண்டும் கலந்தே வருகின்றன. 2018 இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம், கொடுக்கிறவரையும் குற்றவாளியாக்குகிறது, நிறுவனமும் பொறுப்பாகும்.

விலக முடியாத உறவு இன்னொரு வகை. கடற்கரையில் படகுக்காரர்கள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகும் வலையும் எடுக்கிறார்கள். கடன் தீரும்வரை மீனை அவரிடமே போட வேண்டும், விலையையும் பெரும்பாலும் அவர்தான் சொல்வார். பல வருடப் பழக்கம், தினமும் பேச்சு எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் வெளியேற முடியாதபோது, அங்கே உருவாகும் மதிப்பு ஒருவர் பக்கமே போய்ச் சேர்கிறது.

அப்புறம் "நம்ம ஆளு" என்ற பேச்சு. சாதிக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது பல ஊர்களில் தொழில் வளர உதவியிருக்கிறது என்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உதவியிருக்கலாம். அதே சுவர் தகுதியுள்ள இன்னொருவரை வாசலிலேயே நிறுத்தியது. அது அநியாயம். தொழில் கணக்கிலும் அது நஷ்டம்தான், ஏனென்றால் மூடிய வட்டத்துக்குள் புதிய செய்தி வராது.

நல்ல உறவே அளவுக்கு மீறினாலும் சிக்கல்தான். நியூயார்க்கின் ஆடை தயாரிப்பு நிறுவனங்களை 1990களில் ஆராய்ந்த பிரையன் உஸ்ஸி, நெருங்கிய உறவு நிறுவனங்கள் மூடாமல் தப்பிக்க உதவுகிறது, ஆனால் ஓர் எல்லை வரைதான் என்று கண்டார். எல்லாமே நெருங்கிய நான்கு பேரோடு என்று சுருங்கினால் அவர்களில் ஒருவர் விழும்போது நாமும் விழுவோம். சில நெருங்கிய உறவும் சில வெறும் கொடுக்கல் வாங்கலும் கலந்திருந்தவை நன்றாக நின்றன.

## வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

ஏற்கனவே பொறுப்பில் இருக்கும் நிர்வாகிகள் வேலையை விடாமல் படிக்கும் குறுகிய படிப்புக்கு நிர்வாகக் கல்வி என்று பெயர். ஹார்வர்டு வணிகப் பள்ளி இப்படி ஒரு உயர்நிலை மேலாண்மைப் படிப்பை 1945 இல் தொடங்கியது. அந்தப் பள்ளியின் ஒத்துழைப்போடு 1961 இல் உருவான அகமதாபாத் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) இங்கே அந்த வழியை வளர்த்தது. நமக்குப் பக்கத்தில் 2011 இல் வந்த திருச்சி ஐஐஎம் இருக்கிறது. 2004 இல் தொடங்கிய கிரேட் லேக்ஸ் கல்லூரி புதுச்சேரியிலிருந்து சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே, மணமையில் இருக்கிறது.

நல்ல வகுப்பில் சொற்பொழிவு குறைவாக இருக்கும். ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த நிலைமையை எழுதிக் கொடுத்து, நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று விவாதிக்க விடுவார்கள். இதற்குக் கேஸ் முறை என்று பெயர். பேரம் பேசும் பயிற்சி உண்டு, அதில் ஒரு தடவை விற்பவராகவும் இன்னொரு தடவை வாங்குபவராகவும் உட்கார வைப்பார்கள். உங்கள் நிறுவனத்தின் உறவு வரைபடத்தையும் போடச் சொல்வார்கள். முக்கியமான இருபது பெயர்களை எழுதி, ஒவ்வொருவரோடும் நம் பக்கத்தில் யார் பேசுகிறார், ஆர்டர் விஷயம் இல்லாமல் கடைசியாக எப்போது பேசினோம், இவர் நின்றுபோனால் எவ்வளவு நஷ்டம், இந்த இருபது பேரில் யார் யார் ஒருவரையொருவர் அறிவார்கள் என்று குறிக்க வேண்டும். எல்லாரும் ஒரே வட்டம் என்றால் படத்திலேயே தெரிந்துவிடும். எல்லாக் கோடும் முதலாளியின் பெயரில் வந்து முடிந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

பணம் கட்டும் முன் நடத்துகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் நிறுவனத்தின் விவரங்களை வைத்து வேலை செய்ய நேரம் உண்டா? வகுப்பு முடிந்து சில மாதம் கழித்து என்ன மாறியது என்று யாராவது பார்ப்பார்களா? கூடப் படிக்க வருகிறவர்கள் என் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களா? மூன்றாவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மருந்து, தோல், ஹோட்டல், முந்திரி என்று பலதரப்பட்டவர்கள் ஒரு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால், மேலே சொன்ன ஓரளவு மெல்லிய பிணைப்பு அங்கேயே உருவாகிறது. "நெட்வொர்க்கிங் டின்னர்" மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது என்றால் நான் போக மாட்டேன்.

கட்டணம் இப்போதைக்குக் கட்டுப்படியாகாது என்பவர்கள் வரைபடத்தை வீட்டிலேயே போடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். போடும்போது கணக்காளரிடம் சொல்லி, நாம் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலை எத்தனை நாள் பாக்கி என்ற வரிசையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 45 நாளைத் தாண்டியவற்றை முதலில் பாருங்கள். அதில் இருக்கும் பெயர்களில் எத்தனை உங்கள் இருபது பேர் பட்டியலிலும் இருக்கிறது என்று எண்ணிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவர்களிலிருந்தே காசோலை எழுதத் தொடங்கலாம்.